மரூன்ஸின் பயிற்றுநர்கள்: ஆறு பேரா, ஏழு பேரா?

ஜனவரி 8

ரொறன்ரோத் தம்பி ஒருவரின் கேள்வி: "மொன்றியல் மரூன்ஸ் என்று ஒரு ஐஸ் ஹொக்கி அணி இருந்ததாம். இரண்டு தரம் ஸ்டான்லி கிண்ணம் (வட அமெரிக்க ஹொக்கியின் உச்சப் பரிசு) எடுத்திருக்கிறது. 14 பருவங்களில் ஆறு பயிற்றுநர்கள், அதில் இரண்டு பேர் போய்த் திரும்பி வந்தவர்கள். இப்படி ஆளை மாற்றிக்கொண்டிருந்தால் அணி மூடப்படாமல் என்ன செய்யும்?"

ஜனவரி 8, இரவு

முதலில் வரிசையைச் சரியாக வைப்போம் தம்பி. 1924இல் தொடங்கி 1929 வரை எடி ஜெரார்ட். அடுத்தது டங்க் மன்றோ. 1930-31 பருவம் முடியும் தறுவாயில் ஜோர்ஜ் பௌச்சர். 1931-32க்கு ஸ்ப்ரேக் கிளெக்ஹோர்ன். அப்புறம் மறுபடி ஜெரார்ட், இரண்டு பருவம். 1934இலிருந்து டொமி கோர்மன். 1937 இலையுதிர்காலத்தில் கிங் கிளான்சி, 18 ஆட்டங்கள் மட்டும். மிச்சத்துக்கு மறுபடி கோர்மன். 1938 மார்ச்சோடு கதை முடிந்தது.

ஆள் மாறியதால் அணி மூடப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. பட்டியலைப் பார்த்தால் எனக்கு வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. ஜெரார்ட் ஒட்டாவாக்காரர். பௌச்சர் ஒட்டாவா. கோர்மன் ஒட்டாவா. கிளான்சியும் ஒட்டாவா. கிளெக்ஹோர்ன் மொன்றியலில் பிறந்தவர், ஆனால் 1920, 1921 கிண்ணங்களை எடுத்தது ஒட்டாவா சட்டையில். ஸ்கொட்லாந்தில் பிறந்து ரொறன்ரோவில் ஆடி வளர்ந்த மன்றோ ஒருவருக்குத்தான் அந்த ஊரோடு தொடுப்பு இல்லை. மொன்றியலின் ஆங்கிலேயர் தங்களுக்கென்று கட்டிய அணியை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒட்டாவா மூளைதான் ஓட்டியிருக்கிறது.

ஜனவரி 9

ஒரு திருத்தம். "மறுபடி கோர்மன்" என்று எழுதியது சரியில்லை. கோர்மன் எங்கேயும் போகவில்லை. மனேஜர் பொறுப்பு அவரிடமே இருந்தது. வாங்கில் நின்று ஆட்டத்தை நடத்தும் வேலையைக் கிளான்சியிடம் கொடுத்தார், சரிவரவில்லை என்றதும் திரும்ப எடுத்துக்கொண்டார். போய் வந்தவர் என்றால் அது ஜெரார்ட் மட்டும்.

அந்தக் காலத்தில் மனேஜர், பயிற்றுநர் என்ற பிரிப்பே தெளிவாக இல்லை. ஆளை வாங்குவதும், சம்பளம் பேசுவதும், ரயிலில் கூடப் போவதும், வாங்கில் நிற்பதும் பல இடங்களில் ஒரே மனிதர். மன்றோவும் பௌச்சரும் பயிற்றுநராக இருந்துகொண்டே ஐஸில் இறங்கி ஆடியவர்கள். இன்றைக்கு ஒரு பயிற்றுநருக்குப் பின்னால் நிற்கும் உதவியாளர் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படித்தால் எல்லாம் பிழையாகத்தான் தெரியும்.

ஜனவரி 11

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தனியாகக் கேட்டவர்களுக்கு.

நான் மொன்றியலுக்கு வந்து முதலில் செய்தது அட்வாட்டருக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. நடந்து போகிற தூரத்தில் ஃபோரம் அரங்கு. ஆட்ட நாட்களில் ஒன்பதரை, பத்து மணிக்குச் சனம் வெளியே வரும். வென்றால் சத்தத்திலேயே தெரியும். 1993 ஜூனில் ஊரின் மற்ற அணியான மொன்றியல் கனேடியன்ஸ் கிண்ணம் எடுத்த இரவில் சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். வெளியே கண்ணாடி உடைகிற சத்தம்.

அந்த ஃபோரம் கனேடியன்ஸுக்காகக் கட்டப்பட்டது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. 1924இல் அது கட்டப்பட்டதே மரூன்ஸுக்காக. 1918 ஜனவரியில் வெஸ்ட்மவுண்ட் அரங்கு எரிந்து, அதோடு மொன்றியல் வொண்டரர்ஸ் அணியும் போனபிறகு, ஊரின் ஆங்கிலேயருக்குச் சொந்த அணி இல்லாமல் இருந்தது. அந்த இடைவெளிக்கு வந்ததுதான் மரூன்ஸ். முதலாவது ஆட்டத்தைக் கனேடியன்ஸ் அங்கே ஆடியது தற்செயல்: தங்கள் மவுண்ட் றோயல் அரங்கில் ஐஸ் தயாராக இல்லாததால் 1924 நவம்பர் 29 அன்று இங்கே வந்து ஆடினார்கள். 1926இல்தான் நிரந்தரமாகக் குடிவந்தார்கள். வாடகைக்கு வந்தவர்கள் வீட்டுக்காரரானார்கள், வீட்டுக்காரரின் பெயர் மறந்துபோனது.

இன்று அந்தக் கட்டடத்துக்குள் சினிமாவும் கடைகளும். போகும்போதெல்லாம் ஜெரார்ட் நின்ற வாங்கு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பார்ப்பேன்.

ஜனவரி 12

ஜெரார்டைப் பற்றிச் சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவரை ஒரேயொரு மறுப்புக்காகத்தான் இன்று நினைக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

1890இல் ஒட்டாவாவில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர், ஒட்டாவா செனட்டர்ஸின் தலைவர். 1920, 1921, 1922, 1923 என்று நான்கு வருடம் தொடர்ந்து ஸ்டான்லி கிண்ணம். நடுவில் 1922இல் எடுத்தது ரொறன்ரோ செயின்ற் பட்ரிக்ஸுக்காக. அதுவும் பிறகு முக்கியமாக வரும். 1923இல் தொண்டையில் ஒரு வளர்ச்சி, ஆட்டம் நின்றது. அடுத்த வருடம் மரூன்ஸ்.

முதல் பருவம் படு மோசம்: 30 ஆட்டங்களில் 9 வெற்றி, 19 தோல்வி, 2 சமநிலை. அடுத்த பருவத்தில் நெல்ஸ் ஸ்டூவர்ட், பேப் சீபெர்ட் இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள். ஸ்டூவர்ட் முதல் பருவத்திலேயே 34 கோல் போட்டார். அந்த 1926 வசந்தத்தில் முதலில் பிற்ஸ்பேர்க், பிறகு ஜெரார்டின் சொந்த ஒட்டாவா, கடைசியில் மேற்கிலிருந்து வந்த விக்டோரியா, எல்லாரையும் வென்று கிண்ணம். கோல் காப்பாளர் கிளின்ட் பெனடிக்ட், அவரும் ஒட்டாவாவிலிருந்து வந்தவர். விக்டோரியாவோடு ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்றில் ஒரு கோல்கூட விடவில்லை. ஒன்பது வெற்றியிலிருந்து கிண்ணத்துக்கு ஒரே வருடம்.

விக்டோரியாவின் பயிற்றுநர் யார் என்று குறித்துவையுங்கள்: லெஸ்டர் பாட்ரிக்.

ஜனவரி 13

சரி, அந்த மறுப்பு.

1928 இறுதித் தொடர். மரூன்ஸும் நியூயோர்க் ரேஞ்சர்ஸும். நியூயோர்க்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் அடித்த பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு), ரேஞ்சர்ஸ் கோல் காப்பாளர் லோர்ன் ஷாபோவின் கண்ணில் பட்டது. ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அணிகளிடம் இரண்டாவது கோல் காப்பாளர் கிடையாது. ஒட்டாவாவின் அலெக் கொனெல் பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேஞ்சர்ஸ் பயிற்றுநர், அதே லெஸ்டர் பாட்ரிக், அவரை இறக்கலாமா என்று கேட்டார். எதிரணியின் சம்மதம் வேண்டும். ஜெரார்ட் முடியாது என்றார். இன்னோர் ஆளைக் கேட்டபோதும் முடியாது என்றார்.

கடைசியில் 44 வயதுப் பாட்ரிக் தானே காப்பு உடைகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றார். ஒரு கோல் மட்டும் விட்டார். மேலதிக நேரத்தில் பிராங்க் பௌச்சர் அடித்து ரேஞ்சர்ஸ் 2-1 என்று வென்றது. தொடரையும் 3-2 என்று எடுத்தது.

இந்தக் கதையில் எல்லாரும் பாட்ரிக்கைக் கொண்டாடுகிறார்கள், ஜெரார்டைக் கருமி ஆக்குகிறார்கள். 1922இல் என்ன நடந்தது என்பதைச் சேர்த்தால் இன்னும் மோசமாகத் தெரியும். ரொறன்ரோவின் தடுப்பாட்டக்காரர் ஹரி கமரன் காயப்பட்டபோது, எதிரணியான வான்கூவர் சம்மதித்ததால்தான் ஒட்டாவாக்காரரான ஜெரார்ட் இரவல் ஆளாக இறங்க முடிந்தது. வான்கூவர் அணி லெஸ்டரின் தம்பி பிராங்க் பாட்ரிக்குடையது. தம்பி கொடுத்த சலுகையை அனுபவித்தவர் அண்ணனுக்கு மறுத்தார். முதல் தரம் இதைக் கோர்த்துப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது.

ஜனவரி 14

நேற்று "நியூயோர்க்கில் நடந்த" என்று எழுதியது பிழை, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 1928 இறுதித் தொடரின் ஐந்து ஆட்டங்களும் மொன்றியல் ஃபோரத்தில்தான். மடிசன் ஸ்குவேர் கார்டனை அந்தச் சமயம் சர்க்கஸ் பிடித்துக்கொண்டது. ரேஞ்சர்ஸுக்குச் சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லை. யானைக்கு இடம் கொடுத்துவிட்டு வந்து கிண்ணத்தைக் கொண்டுபோன ஆட்கள்.

ஜனவரி 19

ஜெரார்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் புத்தகம் அல்ல, என் இளைய மகள்.

அவளுக்குப் பத்து வயதில் எங்கள் பகுதிச் சிறுவர் அணியில் ஆடினாள். வாங்கின் கதவைத் திறந்து மூடுவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது என் வேலை. ஒரு நாள் எங்கள் கோல் காப்பாளர் பிள்ளைக்குக் காய்ச்சல். வேறு அணியில் ஆடும் ஒரு பிள்ளையை இரவலாகக் கேட்டோம். எதிரணிப் பயிற்றுநர் உடனே தலையாட்டினார். பிள்ளைகள் சந்தோசமாக ஆடினார்கள், தோற்றோம், ஒருவரும் கவலைப்படவில்லை.

அடுத்த வருடம் இதே நிலைமை எதிர்ப்பக்கம். அவர்கள் கூட்டிவந்த பிள்ளை அந்தத் தொடரிலேயே திறமான கோல் காப்பாளர். அது அரையிறுதி. எங்கள் பயிற்றுநர் முடியாது என்றார். கதவுப் பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அந்த நாளுக்காக ஆறு மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பியிருந்தார்கள், அதுதான் மனதில் இருந்தது. அவர்கள் தங்கள் அணியிலேயே ஒரு பிள்ளையைக் கோலில் நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை தடுக்கத் தடுக்க எங்கள் பக்கத்துப் பெற்றோரே கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: "போன வருசம் எங்களுக்குத் தந்தவை எல்லோ அப்பா?" பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் ஜெரார்ட் செய்தது நல்லது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கில் நிற்கிறவனுக்கு முன்னால் இருப்பது தன் பிள்ளைகளின் முகம் என்று இப்போது தெரியும்.

ஜனவரி 20

இன்னும் ஒன்றைச் சேர்க்காமல் விட்டேன். கொனெல் அன்றைக்கு யாரோ ஒரு கோல் காப்பாளர் இல்லை. அதே 1927-28 பருவத்தில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் விடாதவர். அவரைக் கொடுப்பது, காயப்பட்ட ஆளுக்கு மாற்று ஆள் கொடுப்பதைவிடப் பெரிய காரியம். அடுத்த ஆட்டங்களுக்கு நியூயோர்க் அமெரிக்கன்ஸின் ஜோ மில்லரை ரேஞ்சர்ஸ் இறக்கியபோது தடை இருக்கவில்லை.

1922இல் வான்கூவரும் இதையே செய்தது. ஜெரார்டை ஓர் ஆட்டத்துக்கு விட்டார்கள், ரொறன்ரோ 6-0 என்று வென்றது. அடுத்த ஆட்டத்துக்கு முடியாது என்றார்கள். ஆகவே நான் 13ஆம் திகதி "தம்பி கொடுத்த சலுகை" என்று எழுதியது பாதிக் கதை. அந்தச் சலுகையின் எல்லையையும் அவர் கண்டிருந்தார். திறமான ஆளை இரவல் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தத் திறமான ஆளே அவர்தானே.

ஜனவரி 27

மன்றோவைத் தாண்டிப் போகிறேன் என்று ஓர் அக்கா குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான். 1924 ஷமோனி ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்த கனடா அணியின் தலைவர், 1926இல் மரூன்ஸின் தலைவர். இதய நோயால் ஆட்டம் குறைந்தபோது பயிற்றுநர் பொறுப்பு வந்தது. 1929-30இல் கனேடியன்ஸோடு புள்ளி சமமாகி, பிரிவில் முதலிடம். அந்தப் பருவத்தில்தான் பெனடிக்ட் தோல் முகமூடி போட்டு இறங்கினார், ஹோவி மொரென்ஸ் அடித்த பக் மூக்கை உடைத்தபிறகு. என்.எச்.எல். (இந்த அணிகள் ஆடிய தொழில்முறை ஹொக்கி லீக்) ஆட்டத்தில் முகமூடியோடு நின்ற முதல் கோல் காப்பாளர். பார்வையை மறைக்கிறது என்று சில ஆட்டங்களோடு விட்டுவிட்டார்.

அடுத்து வந்த ஜோர்ஜ் பௌச்சர், 1928இல் மரூன்ஸின் நெஞ்சில் கோல் அடித்த பிராங்க் பௌச்சரின் அண்ணன். இந்தத் தொடர்பு கண்ணில் பட்டபோது வீட்டில் எல்லாருக்கும் கூப்பிட்டுச் சொன்னேன், ஒருவரும் சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

பெப்ரவரி 1

இன்றைக்கு இதை எழுதப் பொருத்தமான நாள். 1922 பெப்ரவரி 1 அன்று கனேடியன்ஸ் சட்டையில் ஆடிய ஸ்ப்ரேக் கிளெக்ஹோர்ன், ஒரே ஆட்டத்தில் ஒட்டாவாவின் மூன்று பேரைக் காயப்படுத்தினார்: பிராங்க் நைபோர், சை டெனெனி, எடி ஜெரார்ட். ஆம், ஜெரார்ட். முந்தைய இரண்டு கிண்ணங்களையும் இவரோடு சேர்ந்து எடுத்தவர். ஒட்டாவா தன்னைக் கைவிட்டது என்ற கோபம் கிளெக்ஹோர்னுக்கு.

பத்து வருடம் கழித்து அதே கிளெக்ஹோர்ன் மரூன்ஸ் பயிற்றுநர். ஒரு பருவம், 19 வெற்றி, 22 தோல்வி, 7 சமநிலை. அவர் போனபிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஜெரார்ட். இரண்டு பேரும் அதற்குப்பின் பார்த்துக்கொண்டபோது என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இன்று பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

ஸ்ப்ரேக்கின் தம்பி ஓடி (Odie) கிளெக்ஹோர்ன்தான் பயிற்றுநராகப் பெரிய பெயர் எடுத்தவர், பிற்ஸ்பேர்க் பைரேட்ஸில். மூன்று முன்வரிசைகளை மாற்றி மாற்றி இறக்கும் முறையை அவர் கையாண்டார். இன்று சிறுவர் ஆட்டத்தில்கூட நான் நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து மூடுவதற்கு மூலகாரணம் அவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெப்ரவரி 8

ஏழாவது ஆள் பற்றி. செசில் ஹார்ட் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி, தலைப்பையே அதற்காக மாற்றியிருக்கிறேன்.

1924இல் மரூன்ஸை ஆள் சேர்த்து உருவாக்கியவர் ஹார்ட். பெனடிக்டையும் பஞ்ச் புரோட்பென்டையும் ஒட்டாவாவிலிருந்து கொண்டுவந்த அணி அது. முதல் பருவம் முடியும் முன்பே விலகினார். வெற்றி தோல்விக் கணக்கு ஜெரார்ட் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் பட்டியலில் ஆறு பேர். என் மனக்கணக்கில் ஏழு.

ஹார்ட் 1926இல் கனேடியன்ஸுக்குப் போனார். 1930, 1931 இரண்டு கிண்ணமும் அவருடையவை. பெறுமதியான வீரருக்குக் கொடுக்கும் ஹார்ட் கிண்ணம் அவருடைய அப்பா டாக்டர் டேவிட் ஹார்ட் கொடுத்தது. 1926இல் அதை வாங்கியவர் மரூன்ஸின் ஸ்டூவர்ட்.

பெப்ரவரி 15

கோர்மனை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது, தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதால்.

தொழில்முறை ஹொக்கி ஒரு நாளும் ஆடாதவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் தங்கம். ஒட்டாவா சிட்டிசன் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர். 1917 நவம்பரில் மொன்றியல் வின்ட்சர் ஹோட்டலில் என்.எச்.எல். உருவானபோது ஒட்டாவா சார்பில் அறையில் இருந்தவர். 1934 வசந்தத்தில் சிகாகோவின் பயிற்றுநராக மரூன்ஸைத் தோற்கடித்து, கிண்ணத்தையும் எடுத்தார். அந்த மரூன்ஸை நடத்தியவர் ஜெரார்ட். சில மாதத்தில் கோர்மன் ஜெரார்டின் இடத்துக்கே வந்து, 1935இல் மரூன்ஸோடு கிண்ணம் எடுத்தார். அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு வெவ்வேறு அணிகளோடு கிண்ணம் எடுத்த பயிற்றுநர் அவர் ஒருவர்தான்.

1935 கோல் காப்பாளர் யார் தெரியுமா? அலெக் கொனெல். 1928இல் ஜெரார்ட் வேண்டாம் என்ற அதே ஆள், மரூன்ஸ் சட்டையில். ஏழு ஆட்டங்களில் எட்டு கோல் மட்டும் விட்டார், அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதியில் ரொறன்ரோவை 3-0 என்று துடைத்தெடுத்தார்கள். இன்றைக்கு இருக்கிற பழைய ஆறு அணிகளைத் தவிர வேறோர் அணி கிண்ணத்தைத் தொட, அதற்குப்பிறகு 1974 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அதே குளிர்காலத்தில் ஜெரார்ட் எங்கே? ஒட்டாவா செனட்டர்ஸ் செயின்ற் லூயிஸுக்குக் குடிபெயர்ந்து ஈகிள்ஸ் ஆன இடத்தில். 13 ஆட்டங்களில் 2 வெற்றி, விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜோர்ஜ் பௌச்சர்.

மார்ச் 1

கோர்மன் எடுத்த ஒரு முடிவு இன்னும் எனக்குப் புரியவில்லை, ஆனால் மன்னித்துவிட்டேன். 1936 பெப்ரவரியில் டோ பிளேக் என்ற இளைஞனையும் பில் மில்லரையும் கனேடியன்ஸுக்குக் கொடுத்து லோர்ன் ஷாபோவை வாங்கினார். 1928இல் கண்ணில் அடிபட்ட அதே ஷாபோ. கொனெல் அந்தப் பருவம் ஆடவில்லை, கோலில் அனுபவசாலி தேவைப்பட்டது.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 24 இரவு, ஃபோரத்தில் டெட்ரோயிட்டோடு ஆட்டம். மூன்று பகுதியும் முடிந்து 0-0. மேலதிக நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை போனது. அதிகாலை 2:25க்கு மட் புரூனட்டோ அடித்தார். 116 நிமிடம் 30 விநாடி மேலதிக நேரம், இன்றுவரை என்.எச்.எல்.லின் மிக நீண்ட ஆட்டம். ஷாபோ அவ்வளவு நேரம் நின்று ஒரேயொரு கோல்தான் விட்டார், தோல்வி அவருடைய கணக்கில். அந்த இரவில் கோர்மனால் மாற்றி இறக்க இரண்டாவது கோல் காப்பாளரும் இல்லை, செய்ய வேறெதுவும் இல்லை. பயிற்றுநர் வேலையில் பாதி நேரம் அப்படித்தான், கதவுப் பக்கம் நின்று பார்ப்பது.

மார்ச் 6

கிளான்சி பற்றிக் குறைவாக எழுதுகிறேன், ஏனென்றால் மரூன்ஸில் அவருடைய காலம் குறைவு: 6 வெற்றி, 11 தோல்வி, 1 சமநிலை. முந்தைய பருவத்தில்தான் ரொறன்ரோவில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். அணியில் காசு இல்லை, ஒரே அரங்கை இரண்டு அணிகள் பங்குபோட்ட ஊர், பொருளாதார மந்தம். யாரை நிறுத்தியிருந்தாலும் இதுதான். தம்பி, உன் முதல் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

அதே 1937இல் ஜெரார்ட் தொண்டை நோயால் இறந்தார். 47 வயது.

மார்ச் 17

1938இல் இதே நாளில் மரூன்ஸின் கடைசி ஆட்டம், ஃபோரத்தில், கனேடியன்ஸோடு. 6-3 என்று தோற்றார்கள். மரூன்ஸ் வாங்கில் கோர்மன். எதிர் வாங்கில் செசில் ஹார்ட், 14 வருடம் முன்பு இந்த அணிக்கு முதல் ஆளைச் சேர்த்தவர். இலையுதிர்காலத்தில் எஞ்சிய வீரர்களில் பலர் அவரிடமே போய்ச் சேர்ந்தார்கள்.

1940இல் கோர்மனும் கனேடியன்ஸ் மனேஜர் ஆனார். 1944 கிண்ணத்தை மேலதிக நேரக் கோலால் அவருக்கு எடுத்துக்கொடுத்தது டோ பிளேக்.

மகளுக்கு இன்று இரவு ஆட்டம், ஏழரைக்கு. இப்போது அவளே கோல் காப்பாளர். மிச்சக் கேள்விகளுக்கு நாளை எழுதுகிறேன்.